எதிரிக்கும் சேர்த்து ஓர் ஒப்பாரி

1940 நவம்பர் 14. நல்ல நிலா வெளிச்சம். அன்றிரவு இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தைக் குண்டு வீசி அழிக்க ஜெர்மன் விமானப்படை போட்ட திட்டத்துக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்திருந்தார்கள். 'மூன்லைட் சொனாட்டா'. பீத்தோவனின் பியானோ இசைக்கு உலகம் வழங்கும் பெயர் அது. ஓர் ஊரைக் கொளுத்தப் போகிறவர்களுக்கு, அந்தக் காரியத்துக்குச் சங்கீதத்திலிருந்து பெயர் எடுக்கத் தோன்றியிருக்கிறது. இசை மனிதனைப் பண்படுத்தும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இந்தப் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஏறக்குறைய 11 மணி நேரம் குண்டு விழுந்தது. 500-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். விமான உதிரிபாகமும் ஆயுதமும் செய்கிற தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்தான். ஆனால் செத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலோ பதுங்குகுழியிலோ இருந்த சாதாரண ஜனங்கள். ஊர் நடுவே நின்ற இடைக்காலத்துப் பேராலயம் எரிந்து, வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சின.

இன்று நான் எழுத வந்தது, அதே பேராலயத்துக்காக 22 ஆண்டுகள் கழித்து உருவான ஓர் இசைப் படைப்பைப் பற்றி. பெஞ்சமின் பிரிட்டெனின் 'வார் ரெக்வியம்'. (பிரிட்டென் என்பது இசையமைப்பாளர் பெயர். நாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடருங்கள்.

ஏன் திடீரென்று இது என்று கேட்பீர்கள். நான் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களுக்கு முன் ஒரு காணொளி வந்தது. எங்கோ ஒரு நாட்டில், குண்டு விழுந்து ஓர் அடுக்குமாடிக் கட்டடம் அப்படியே சரிகிறது. எந்த நாடு, யார் போட்ட குண்டு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் கீழே அதை மட்டும்தான் பேசுவீர்கள். காணொளிக்கு அடியில் வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். போட்டவர்கள் யாரும் பொல்லாதவர்கள் இல்லை. பேரன் பேத்தி எடுத்தவர்கள், தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர்கள். 'அவங்களுக்கு நல்லா வேணும்' என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அந்த வீடுகளில் யார் குடியிருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். நாலு வரியில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது.

கவென்ட்ரியில் அந்தப் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர் ரிச்சர்ட் ஹோவர்ட். குண்டு விழுந்து ஆறே வாரத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து பிபிசி வானொலியில் அவர் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை விரட்டுவோம், போர் முடிந்த பின் நம் பகைவர்களோடு சேர்ந்து இதைவிட நல்ல உலகத்தைக் கட்டுவோம் என்பது அவர் பேச்சின் சாரம். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பேச்சைக் கேட்டுப் பல்லைக் கடித்தவர்கள் எத்தனை பேரோ. பிற்பாடு இடிந்த பலிபீடத்துக்குப் பின்சுவரில் இரண்டே சொற்களைப் பொறிக்க வைத்தார். பிதாவிடம் மன்னிப்புக் கேட்கும் சொற்கள். சிலுவையில் இயேசு சொன்னதில் 'இவர்களை' என்று ஒரு சொல் உண்டு. சுவரில் அது இல்லை. யாரை மன்னிக்க வேண்டும் என்பது திறந்தே கிடக்கிறது. நாற்பது வருடம் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், செயப்படுபொருளை விட்டுவிட்டு இவ்வளவு பெரிய காரியம் செய்த வாக்கியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பழைய இடிபாட்டை அப்படியே விட்டு, அதன் பக்கத்திலேயே பேசில் ஸ்பென்ஸ் என்ற கட்டடக் கலைஞர் புதிய பேராலயத்தைக் கட்டினார். 1962 மே 25-இல் அர்ச்சிப்பு. அதையொட்டிய விழாவுக்கு ஒரு படைப்பு வேண்டுமென்று பிரிட்டெனைக் கேட்டிருந்தார்கள். மே 30-இல் அரங்கேறியது.

ரெக்வியம் என்பது கத்தோலிக்கர்களின் இறந்தோர் திருப்பலிக்கான இசை. செத்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுத் தொடங்கும். நடுவில் நியாயத்தீர்ப்பு நாளின் பயங்கரம் வரும். சொர்க்கத்தில் சேர்த்துக்கொள் என்று முடியும். மொசார்ட்டும் வெர்டியும் இதே லத்தீன் வாசகத்துக்குத்தான் இசை அமைத்தார்கள். நம் ஒப்பாரிபோல என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம். ஒப்பாரியில் அழுகிறவள் செத்தவனோடு பேசுவாள், சண்டை போடுவாள், விட்டுப் போனாயே என்று ஏசுவாள். ரெக்வியத்தில் பேச்சு முழுக்கக் கடவுளோடுதான். செத்தவன் வாய் திறப்பதில்லை.

பிரிட்டென் அந்த வாயைத் திறந்துவிட்டார். லத்தீன் வாசகத்துக்கு இடையிடையே வில்ஃபிரட் ஓவனின் ஒன்பது ஆங்கிலக் கவிதைகளைச் செருகினார்.

ஓவன் முதல் உலகப் போரில் சண்டை போட்ட அதிகாரி, வீரப்பதக்கம் பெற்றவர். போர் முடிய ஒரே வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4-இல், பிரான்சில் ஒரு கால்வாயைக் கடக்கையில் சுடப்பட்டு இறந்தார். வயது 25. நவம்பர் 11-இல் போர்நிறுத்தத்தைக் கொண்டாடி மணிகள் அடித்துக்கொண்டிருந்தபோது தாயின் கையில் தந்தி வந்து சேர்ந்தது. நம் நாட்டோடு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. அந்தத் தாய் 1920-இல் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடைசியாக விடைபெறும்போது மகன் கீதாஞ்சலியின் 96-ஆம் பாட்டைத்தான் தன்னிடம் சொல்லிவிட்டுப் போனான் என்றும், அவனது குறிப்பேட்டிலும் தாகூர் பெயரோடு அது எழுதியிருந்தது என்றும். வகுப்பில் இதைச் சொன்ன பிறகுதான் பையன்கள் ஓவனை நிமிர்ந்து கேட்பார்கள்.

படைப்பில் மூன்று அடுக்குகள். பெரிய கோரஸும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரு பெண் குரலும் லத்தீன் பாடும். தூரத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், ஆர்கனோடு சிறுவர் குழு, அவர்களும் லத்தீன். முன்னால், பன்னிரண்டே வாத்தியங்களோடு இரண்டு ஆண் குரல்கள், இரண்டு சிப்பாய்கள். ஓவனின் வரிகள் இவர்களுக்கு. தேவாலயம் ஜெபம் சொல்லும், சிப்பாய் குறுக்கே பேசுவான். தொடக்கத்திலேயே கோரஸ் இளைப்பாற்றி வேண்ட, ஆலய மணி ஒலிக்க, டெனர் குரல் வந்து மந்தைபோலச் செத்தவர்களுக்கு மணி எதற்கு, பீரங்கிச் சத்தம் போதாதா என்ற பொருளில் கேட்டுவிடும்.

அந்த மணியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஸ்வரங்கள்தான். நம் கணக்கில் ஷட்ஜமும் பிரதி மத்யமமும். ஐரோப்பியர் அந்த இடைவெளிக்குப் பிசாசின் பெயரை வைத்து ஒதுக்கியவர்கள். நமக்கு அது பிசாசு இல்லை, கல்யாணியில் தினமும் கேட்கிறோம். ஆனால் பஞ்சமத்தை எடுத்துவிட்டு, இந்த இரண்டை மட்டும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். வீட்டில் ஹார்மோனியம் இருந்தால் செய்யலாம். கால் வைக்க இடமில்லாததுபோல இருக்கும். ஒன்றரை மணி நேரப் படைப்பு முழுவதும் அந்த நிலையில்தான் நடக்கிறது.

நான் சொல்ல விரும்பும் பகுதி 'ஆஃபர்ட்டோரியம்'. ஆபிரகாமுக்கும் அவன் சந்ததிக்கும் நீ வாக்களித்தபடி இவர்களைக் காப்பாற்று என்று கோரஸ் உற்சாகமாகப் பாடுகிறது. உடனே இரண்டு சிப்பாய்களும் ஓவன் எழுதிய ஆபிரகாம் கதையைச் சொல்கிறார்கள். தகப்பன் மகனைப் பலிகொடுக்கக் கட்டுகிறான், கத்தியை ஓங்குகிறான், தேவதூதன் தடுத்து ஆட்டுக்கடாவைக் காட்டுகிறான். இதுவரை நமக்குத் தெரிந்த கதை. ஓவனின் கதையில் கிழவன் கேட்கவில்லை. மகனை வெட்டுகிறான். அவனோடு நிற்காமல் ஐரோப்பாவின் பாதிப் பிள்ளைகளையும், ஒவ்வொருவராக. அந்த 'ஒவ்வொருவராக' என்பதை இரண்டு குரல்களும் விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருக்க, தூரத்தில் சிறுவர் குழு ஒன்றும் அறியாமல் பலியையும் ஜெபத்தையும் ஏற்றுக்கொள் என்று பாடுகிறது. பிறகு கோரஸ் பழைய உற்சாகப் பாட்டையே திரும்ப எடுக்கிறது, ஆனால் கிசுகிசுப்பாக. வாக்களித்தபடி காப்பாற்று என்று இப்போது யாருக்குச் சத்தமாகச் சொல்ல வரும்? பத்து வருடம் முன்பு இதே பிரிட்டென் இதே ஆபிரகாம் கதைக்கு ஒரு பாட்டு அமைத்திருந்தார். அதில் மகன் பிழைப்பான். அந்த இசையிலிருந்தே எடுத்து இங்கே போட்டிருக்கிறார்.

பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் இந்தக் கவிதையை ஒரு வருடம் பிளஸ் டூ வகுப்பில் படித்துக் காட்டினேன். பக்ரீத் கதையாக இதை அறிந்த ஒரு பையன் பாதியிலேயே எழுந்து, 'டீச்சர், தப்பா படிக்கிறீங்க, ஆடுதான் வெட்டணும்' என்றான். 'இல்லப்பா, இவர் அப்படித்தான் எழுதியிருக்கார்' என்றேன். 'ஏன்?' என்றான். 1914-இலிருந்து 1918 வரை நடந்ததை அன்றைக்குப் பாடவேளை முடியும் மட்டும் சொன்னேன். பெரியவர்களின் கௌரவத்துக்கு ஒரு கடாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பது அவனுக்குப் புரிந்தது.

இனி பாடகர்களின் கதை. மூன்று நாட்டுக் குரல்கள் வேண்டும் என்பது பிரிட்டெனின் திட்டம். இங்கிலாந்தின் பீட்டர் பியர்ஸ், ஜெர்மனியின் டீட்ரிக் ஃபிஷர்-டீஸ்கௌ, ரஷ்யாவின் கலீனா விஷ்னெவ்ஸ்கயா. பியர்ஸும் பிரிட்டெனைப் போலவே துப்பாக்கி எடுக்க மறுத்த போர் மறுப்பாளர். ஃபிஷர்-டீஸ்கௌ ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு இத்தாலியில் அமெரிக்கரிடம் கைதியானவர். அவருக்கு உடல், மன வளர்ச்சி குன்றிய ஒரு சகோதரர் இருந்தார். வாழத் தகுதியற்றவர்கள் என்று நாஜிகள் முத்திரை குத்தி விடுதிகளில் பட்டினி போட்டுக் கொன்றவர்களில் அவரும் ஒருவர். விஷ்னெவ்ஸ்கயா லெனின்கிராட் முற்றுகையின் பட்டினியில் பிழைத்த பெண்.

சோவியத் அரசு அவரை அனுப்ப மறுத்துவிட்டது. ஒரு சோவியத் பெண் ஜெர்மானியனுக்கும் ஆங்கிலேயனுக்கும் பக்கத்தில் நின்று அரசியல் வாடை அடிக்கும் ஒன்றைப் பாடுவதா என்பது ஆட்சேபம். ஹெதர் ஹார்ப்பர் என்ற பாடகி பத்தே நாளில் கற்றுக்கொண்டு வந்து பாடினார். அடுத்த ஜனவரியில் டெக்கா நிறுவனம் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தபோதுதான் விஷ்னெவ்ஸ்கயா லண்டன் வர முடிந்தது. வந்தவர், ஆண் பாடகர்களோடு முன்னால் நிறுத்தாமல் தன்னைக் கோரஸ் பக்கம் நிறுத்திவிட்டார்கள் என்று தரையில் படுத்துக் கூச்சல் போட்டாராம். இசையின் அமைப்பே அப்படி என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் வந்து பாடியதைக் கேட்டால் எல்லாம் மன்னிக்கலாம். அந்த இசைத்தட்டு சில மாதங்களில் 2 லட்சம் விற்றது. இந்த மாதிரி சங்கீதத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. ஸ்ட்ராவின்ஸ்கிக்கு எரிச்சல் வந்து கிண்டலடித்தார்.

அதே 1962-இல், டிசம்பர் 18-இல், மாஸ்கோவில் இன்னொன்று நடந்தது. ஷோஸ்டகோவிச்சின் 13-ஆம் சிம்பொனி. கீவ் நகர ஓரத்திலுள்ள பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 இரண்டே நாளில் நாஜிகள் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். போருக்குப் பின் பல ஆண்டுகள் சோவியத் அரசு அங்கே ஒரு நினைவுக்கல் வைக்கவில்லை. செத்தவர்கள் 'சோவியத் குடிமக்கள்', அவ்வளவுதான். யூதர்கள் என்ற சொல்லே கூடாது. யெவ்துஷென்கோ அதைப் பற்றிக் கவிதை எழுத, ஷோஸ்டகோவிச் ஆண் கோரஸுக்கு இசை அமைத்தார். வழக்கமாக அவர் படைப்புகளை நடத்தும் நடத்துநர் ஒதுங்கிக்கொண்டார். பாடகரும் கடைசி நேரத்தில் வரவில்லை. மாற்று ஆள் பாடினார். அரங்கேறிய பின், ரஷ்யர்களும் உக்ரேனியர்களும் செத்தார்கள் என்று வரியை மாற்றச் சொல்லி மாற்ற வைத்தார்கள். மே மாதம் விஷ்னெவ்ஸ்கயாவைத் தடுத்த அதே அரசு. ஓரிடத்தில் எதிரியோடு சேர்ந்து அழாதே என்றது, மற்றோரிடத்தில் செத்தவனைப் பெயர் சொல்லி அழாதே என்றது.

இதை இங்கே கொண்டுவரக் காரணம், 'வார் ரெக்வியம்' பற்றி எனக்குள்ள ஒரு மனக்குறை. கவென்ட்ரிக்காக எழுதிய இந்தப் படைப்பில் கவென்ட்ரி இல்லை. அன்றிரவு செத்த ஒரு பெண் இல்லை, ஒரு கைக்குழந்தை இல்லை. எல்லாரும் முந்தைய போரின் சிப்பாய்கள். பெண் குரல் இருக்கிறது, அவள் லத்தீன் தவிர எதுவும் பேசுவதில்லை. பிரிட்டெனுக்குத் தெரியாமல் இல்லை. 1945-இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹினோடு ஜெர்மனி போய், பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் பிழைத்தவர்கள் முன்னால் பியானோ வாசித்தவர். அங்கே கண்டது தன் பிற்காலப் படைப்புகள் எல்லாவற்றிலும் கலந்திருக்கிறது என்று வாழ்நாளின் இறுதியில் பியர்ஸிடம் சொன்னவர். ஆனாலும் பெல்சன் இதில் நேராக வரவில்லை. படைப்பைத் தன் நண்பர்கள் நால்வருக்குக் காணிக்கை ஆக்கினார். நால்வரும் போரில் பணி செய்தவர்கள். மூவர் போரில் மாண்டார்கள். நான்காமவர் தப்பி வந்து 1959-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

சிப்பாய்களை மட்டும் எடுத்ததில் ஒரு நியாயம் உண்டு. பதுங்குகுழிகளில் இரண்டு பக்கமும் துப்பாக்கி இருந்தது. இரண்டு பக்கமும் கிழவர்கள் அனுப்பிய பையன்கள். ஆகவே கொன்றவனையும் செத்தவனையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்க முடிகிறது. கவென்ட்ரியும் டிரெஸ்டனும் கைகுலுக்க முடிந்ததும் இந்த வழியில்தான். 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் டிரெஸ்டனில் சுமார் 25,000 பேரைக் கொன்றன. 1959-இல் இரண்டும் சகோதர நகரங்கள் ஆயின. 1965-இல் கவென்ட்ரியிலிருந்து இளைஞர்கள் போய் அங்கே ஓர் ஆஸ்பத்திரியைத் திரும்பக் கட்ட உதவினார்கள். பெரிய காரியம். மறுக்கவில்லை.

ஆனால் பாபி யாரில் ஒரு பக்கம்தான் துப்பாக்கி இருந்தது. அங்கே செத்த குழந்தையிடம் போய், உன்னைச் சுட்டவனும் பாவம்தான், சேர்ந்து தூங்குங்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை? போருக்குப் பொருந்துகிற சமாதானம் ஒடுக்குமுறைக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாக்கி, 'எல்லாப் பக்கமும் இழப்புதான்' என்று பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. பெரும்பாலும் அதை முதலில் பேசுவது துப்பாக்கி வைத்திருந்த பக்கம். ஒடுக்கப்பட்டுச் செத்தவர்களுக்கு முதலில் வேண்டியது பெயரும் கணக்கும். ஷோஸ்டகோவிச் செய்யப் போனதும் அதைத்தான். அவர் 'வார் ரெக்வியம்' மேல் பெரும் மதிப்பு வைத்திருந்தார். 1969-இல் தன் 14-ஆம் சிம்பொனியைப் பிரிட்டெனுக்கே காணிக்கை ஆக்கினார். அது முழுக்கச் சாவைப் பற்றியது, ஆறுதல் என்று ஒரு சொட்டும் கிடையாது. இந்த இருவரையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஒருவரை மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாகும்.

வாட்ஸ்அப் குழுவில் கைதட்டியவர்களுக்கு இதில் எது பொருந்தும் என்று யோசித்தேன். அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்ததா என்பதுகூட நமக்குத் தெரியாது. தெரியாமலே கைதட்டுகிறோம்.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன். ஓவனின் புகழ்பெற்ற கவிதை. ஒரு சிப்பாய் சண்டையிலிருந்து தப்பி ஒரு சுரங்கத்துக்குள் இறங்குகிறான். அது நரகம் என்று பிறகு தெரிகிறது. அங்கே ஒருவன் எழுந்து அவனை அடையாளம் கண்டுகொள்கிறான். வாழாமல் போன வருடங்களைப் பற்றிப் பேசுகிறான். பிறகுதான், முந்தைய நாள் இவன் கொன்ற எதிரி தான் என்கிறான். கவென்ட்ரியில் கொன்றவனாகப் பாடியவர் துப்பாக்கியே எடுக்காத பியர்ஸ். கொல்லப்பட்ட எதிரியாகப் பாடியவர் ஃபிஷர்-டீஸ்கௌ. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தூங்கச் சொல்ல, அதுவரை தனித்தனியாக நின்ற மூன்று அடுக்குகளும் முதல் முறையாக ஒன்று சேர்கின்றன. சிறுவர்கள் சொர்க்கத்தைப் பாடுகிறார்கள். இங்கே முடித்திருந்தால் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். பிரிட்டென் விடவில்லை. மறுபடி அந்த மணி, அந்த இரண்டு ஸ்வரம். கோரஸ் அதிலிருந்து மெல்ல நழுவி ஓர் அமைதியான சுருதியில் இறங்கி நிற்கிறது. அந்த அமைதியை எனக்கு முழுதாக நம்பத் தோன்றுவதில்லை. அவருக்கும் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

முடிந்த பின் கைதட்ட வேண்டாம் என்று பிரிட்டென் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் தட்டவில்லை. ஃபிஷர்-டீஸ்கௌ எழுந்திருக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தார். பியர்ஸ்தான் அவரைத் தேற்றி அழைத்துக்கொண்டு போனார்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: 1963-இல் வந்த பதிவு, பிரிட்டெனே நடத்தியது, யூடியூபில் கிடைக்கிறது. டெரெக் ஜார்மன் 1989-இல் எடுத்த படமும் உண்டு, லாரன்ஸ் ஒலிவியே கடைசியாக நடித்த படம் அது; ஆனால் முதல் தடவை படம் வேண்டாம், காதால் மட்டும் கேளுங்கள். ஒன்றரை மணி நேரம் மொத்தமாக உட்கார முடியாதவர்கள் ஆஃபர்ட்டோரியத்தை மட்டும், பத்து நிமிடம்தான். ஹெட்போன் போட்டுக்கொண்டால் சிறுவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பது தெரியும். பிறகு ஷோஸ்டகோவிச் 13, முதல் பகுதி. என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வகுப்பில் எழுந்து நின்று 'ஆடுதான் வெட்டணும்' என்ற பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் சொல்லுங்கள். அவனுக்கு இந்தச் சுட்டியை அனுப்ப வேண்டும்.